ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா?

ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்ட வீட்டில் வாழ்வோருக்கு மாலை ஏழு மணி என்பது ஒரு சோதனை நேரம். ஒருபுறம் தாயார் கந்த சஷ்டி கவசம் கேட்டுக்கொண்டிருப்பார். மறுபுறம் தொலைக்காட்சியில் செய்தி ஓடும். அடுப்பங்கரையில் குக்கர் தன் பங்குக்குக் கூவும். அண்டை வீட்டு மராத்தி நாடகத் தொடர் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். இவ்வளவுக்கும் நடுவே கல்லூரியில் படிக்கும் பிள்ளை தன் கணினியில் 'ஹெவி மெட்டல்' என்னும் இடிமுழக்க இசையைத் திறந்துவிட்டாலோ, துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் தொடங்கிவிட்டாலோ, அந்த வீட்டின் நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். மும்பையில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஹெட்போன் என்பது ஆடம்பரப் பொருளன்று. குடும்ப அமைதியைக் காக்கும் சாதனம் என்றே சொல்லவேண்டும்.

ஆனால் அதனைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. கடைக்குச் சென்றால் ஐந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஐம்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வாசகங்களோ இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றேதான். மாதச் சம்பளக் குடும்பத்தினர் அளவான பணத்தில் நல்ல கருவியை எவ்வாறு அறிந்து வாங்குவது என்பதை, நாம் பட்டறிந்த அளவில் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் ஏமாந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் நம் தம்பி ஊரிலிருந்து படிப்பின்பொருட்டு நம்மிடம் வந்து சேர்ந்தான். கனத்த இசையில் அவனுக்கு அளவற்ற மோகம். விளையாட்டிலும் அப்படியே. அவனை அழைத்துக்கொண்டு கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற லேமிங்டன் சாலைக்குச் சென்றோம். ஒரு கடையில் நீலமும் சிவப்புமாக மாறிமாறி ஒளிவிடும் பெரிய ஹெட்போனைக் காட்டினார்கள். 'ஏழு புள்ளி ஒன்று ஒலி' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. விலை ஆயிரத்து ஐந்நூறு. தம்பியின் முகமும் அந்த விளக்குகளைப் போலவே ஒளிவிட்டது. பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்ற பெருமையுடன் வீடு திரும்பினோம்.

முதல் வாரமே குறை தெரிந்தது. முரசொலி மட்டும் 'தொம் தொம்' என்று வீங்கி ஒலித்தது. பாடுபவன் குரலும் கிதாரின் மீட்டலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டன. அவற்றைக் கேட்கவேண்டித் தம்பி ஒலியைக் கூட்டினான். கூட்டக் கூட்ட முரசும் பெருத்தது. மழைக்காலம் முடிவதற்குள் காதை மூடும் பஞ்சுறையின் மேல்தோல் உரிந்து, கறுப்புப் பொடியாகக் கன்னத்தில் ஒட்டத் தொடங்கிற்று. இவை பணநஷ்டம், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று பின்னர் நிகழ்ந்தது.

ஓர் இரவு மின்சாரம் நின்று வீடே அமைதியாயிருந்தது. தம்பி எழுந்து உட்கார்ந்து, "அண்ணா, எங்கேயோ சில்வண்டு கத்துகிறதே, உங்களுக்குக் கேட்கிறதா?" என்றான். நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பகலிலும் அவனுக்கு அந்த ஓசை நிற்கவில்லை. மூன்றாம் நாள் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "தினம் எத்தனை மணி நேரம், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறாய்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். தம்பி தலை குனிந்தான். ஓய்வு கொடுத்தபின் ஒரு வாரத்தில் அந்த ஓசை அடங்கிவிட்டது. "இம்முறை அடங்கிற்று, அடுத்த முறை அடங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்று மருத்துவர் சொன்ன சொல் இன்றும் நம் நெஞ்சில் நிற்கிறது.

அன்றுதான் நமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. நல்ல ஹெட்போன் என்பது உரக்க ஒலிப்பதன்று; குறைந்த ஒலியிலேயே எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்கச் செய்வது எதுவோ அதுவே நல்லது. இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை தானே கிடைத்துவிடும்.

கனத்த இசையின் இயல்பு

பெரியவர்கள் பலர் இதனை வெறும் கூச்சல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் பிறப்பை அறிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்னும் தொழில் நகரத்தில் தோன்றிய 'பிளாக் சபத்' குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, தம் பதினேழாம் வயதில் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கையில், வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். அவர் மனம் தளரவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பின்னாளில், அழுத்துவதற்கு எளிதாயிருக்கவேண்டித் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தந்தி தளரவே சுருதி தாழ்ந்தது, ஒலி கனத்தது. 1970இல் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டையே பலரும் இவ்விசை வகையின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து கிளைத்த கலை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

இந்தச் சரித்திரத்திற்கும் நாம் வாங்கும் கருவிக்கும் தொடர்பு உண்டு. சாதாரணச் சுருதியில் கிதாரின் அடித்தந்தி விநாடிக்கு 82 முறை அதிரும். மூன்று அரைச்சுரம் தாழ்த்தினால் அது 69 ஆகும். பேஸ் கிதாரின் அடித்தந்தியோ விநாடிக்கு 41 அதிர்வுகள்தாம். இவற்றோடு, இரு கால்களாலும் மிதித்து முழக்கும் பெருமுரசு சேர்கிறது. விரைந்த பாடல்களில் அது விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு அடிகளைத் தாண்டும். ஆக, தாழ்ந்த ஒலிகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் இசை இது. தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கும் மலிவான ஹெட்போனில் இதைக் கேட்டால், ஒவ்வோர் அடியும் அடுத்த அடியோடு ஒட்டிக் குழைந்த சோறாகிவிடும்.

நம்மவருக்குத் தவில் கொண்டு சொன்னால் சட்டென விளங்கும். தனியாவர்த்தனத்தில் வித்துவான் விரைவுக் காலத்தில் கோர்வை வாசிக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் உதிரி முத்துப்போல் விழவேண்டும் அல்லவா? நல்ல ஹெட்போனில் பெருமுரசின் அடிகளும் அவ்வாறே தனித்தனியாக விழவேண்டும்.

விளையாட்டில் காதே கண்

கணினி விளையாட்டிலும், கைப்பேசியில் ஆடும் சண்டை விளையாட்டுகளிலும் எதிரி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிவான். அவன் காலடி ஓசை இடப்பக்கமா, வலப்பக்கமா, மாடியிலா என்று அறிபவனே பிழைக்கிறான். இயற்கை நமக்குக் கொடுத்திருப்பது இரண்டே காதுகள். ஓர் ஓசை ஒரு காதை அடைந்தபின் மற்றக் காதை அடையும் இடைவெளி, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நுண்ணிய வேற்றுமையையும், இரு காதுகளுக்கும் எட்டும் வலிமை வேற்றுமையையும் கொண்டு மூளை திசையைக் கணக்கிட்டுவிடுகிறது.

ஆகையால் 'ஏழு புள்ளி ஒன்று' என்று விளம்பரப்படுத்தும் பெரும்பாலான ஹெட்போன்களில் இருப்பதும் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிப்பான்கள்தாம். சூழ்ந்து கேட்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குவது மென்பொருள். அத்தகைய வசதி விண்டோஸ் கணினியிலேயே 2017 முதல் இலவசமாக அமைந்திருக்கிறது. அதற்கெனத் தனியே பணம் கொடுக்கவேண்டியதில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது வேறொன்று. தாழ்ந்த ஒலி உரத்து ஒலிக்கும்போது அதற்கு மேற்பட்ட மெல்லொலிகளை அது மூடி மறைத்துவிடும். இது செவியின் இயல்பு. வெடியோசை ஊதிப் பெருக்கப்பட்டால் காலடி ஓசை கேளாது. காலடி ஓசை கேட்கவேண்டுமென்று ஒலியைக் கூட்டினால் வெடியோசை காதைப் பிளக்கும். பாட்டில் பாடகன் குரலுக்கு நேர்ந்த கதியேதான் விளையாட்டில் காலடிக்கும் நேர்கிறது. ஆகவே இசைக்கொன்று, விளையாட்டுக்கொன்று என இரண்டு கருவிகள் வாங்கத் தேவையில்லை. தாழ்ந்த ஒலியில் அடக்கமும் நடுவொலியில் தெளிவும் உள்ள ஒரே கருவி இரண்டுக்கும் போதும்.

பெட்டியில் உள்ள எண்களின் பொருள்

ஹெட்போனின் உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அதனோடு பிணைந்த மெல்லிய சவ்வு ஆகிய மூன்றும் உள்ளன. மின்னோட்டம் சுருளில் பாய, சவ்வு அதிர்ந்து ஒலி பிறக்கிறது. 40 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் என்று குறிப்பது இந்த ஒலிப்பானின் அளவு. பெரிதாயிருந்தால் நல்லதென்று கடைக்காரர் சொல்வார். அளவைவிட அமைப்பே முக்கியம். 10 மில்லிமீட்டர் ஒலிப்பான் கொண்ட செவிச் செருகிகள் பல பெரிய ஹெட்போன்களைத் தோற்கடிப்பதை நாமே கேட்டிருக்கிறோம்.

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது மனிதச் செவியின் எல்லை. இது எல்லாப் பெட்டியிலும் இருக்கும்; இதனால் தரத்தை அறிய முடியாது. 'ஓம்' என்பது மின்தடை. கைப்பேசியிலும் சாதாரணக் கணினியிலும் நேரே பொருத்திக் கேட்போர் 16 முதல் 50 ஓம் வரையுள்ளதை வாங்கினால் போதும். 250 ஓம் போன்றவை ஒலிபெருக்கிக் கருவி தனியே வைத்திருப்போருக்கு உரியவை.

முதுகுப்புறம் மூடிய வகை, திறந்த வகை என இரண்டு உண்டு. திறந்த வகையில் ஒலி விரிந்து கேட்கும். ஆனால் உள்ளே ஒலிப்பது வெளியேயும் ஒலிக்கும். வெளிச்சத்தமும் உள்ளே புகும். தனியறை உள்ளவர்களுக்கு அது தகும். நம் போன்ற ஒற்றைக் கூடத்துக் குடும்பங்களுக்கு மூடிய வகையே ஏற்றது. மேலும், வெளிச்சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குறைந்த ஒலியில் கேட்கலாம்.

கம்பியா, கம்பியற்றதா?

கம்பியற்ற ப்ளூடூத் கருவிகள் சௌகரியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவான விலையில் இசையும் விளையாட்டும் வேண்டுவோருக்கு நாம் கம்பியுள்ளதையே சிபாரிசு செய்வோம். காரணம் மூன்று.

முதலாவது, தாமதம். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி விநாடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்தி வருவது வழக்கம். திரைப்படத்தில் படத்தையும் அதற்கேற்பப் பிந்தச் செய்து சரிக்கட்டிவிடலாம். விளையாட்டில் அது இயலாது. சுட்ட பிறகு சத்தம் வந்தால் ஆடுவது எப்படி? இரண்டாவது, மைக் தொல்லை. நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடுவதற்காக மைக்கைத் திறந்தவுடன், பல ப்ளூடூத் கருவிகளில் இசையின் தரம் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். மூன்றாவது, பணம். ஒரே விலையில் மின்கலம், வானொலிச் சில்லு முதலியவற்றுக்குப் போகும் பணம், கம்பியுள்ள கருவியில் ஒலிப்பானுக்கே போய்ச் சேருகிறது. மின்கலம் தேய்ந்து கருவியே வீணாகும் அச்சமும் அதில் இல்லை.

கம்பி கூடவே கூடாதென்போர், கணினியில் செருகும் சிறு வாங்கியோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பார்க்கலாம். அதில் தாமதம் மிகக் குறைவு. விலை சற்று அதிகம்.

எவ்வளவு பணத்துக்கு எது?

ஆயிரம் ரூபாய்க்குள் வாங்குவோர் விளக்கும் மைக்கும் பெரிய அளவும் தேடாமல், பெயர்பெற்ற நிறுவனத்தின் எளிய கருவியை வாங்குதல் நலம். 30 மில்லிமீட்டர் ஒலிப்பான் கொண்ட சோனி இசட்எக்ஸ் 110 இந்த வகையினது. காதின்மேல் அமர்வதாதலால் நெடுநேரம் அணிந்தால் சற்று வலிக்கும்.

இரண்டாயிரத்தை ஒட்டிச் செலவிடக்கூடியவர்கள் செவிக்குள் செருகும் வகையை நாடலாம். மூன்ட்ராப் சூ, செவன் ஹெர்ட்ஸ் ஸீரோ போன்ற கம்பியுள்ள செருகிகள் இவ்விலையை ஒட்டிக் கிடைத்து வருகின்றன. கனத்த இசையில் கிதாரையும் முரசையும் பிரித்துக் காட்டுவதில் இவை விலைக்கு மீறிய திறமை காட்டுகின்றன. சிலிக்கான் முனை காதை அடைத்துக்கொள்வதால் மின்வண்டி இரைச்சலிலும் ஒலியைக் கூட்ட வேண்டியிராது. முனைகள் மூன்று அளவில் வரும். தம் காதுக்குப் பொருந்தும் அளவைப் பொறுமையாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் தாழ்ந்த ஒலியெல்லாம் கசிந்துபோய்க் கருவி மோசமென்று தோன்றும்.

ஐயாயிரத்தை ஒட்டிச் செலவிட இயலுமானால் காதை முழுவதும் மூடும் கருவிகள் உண்டு. ஒலிப்பதிவுக் கூடப் பாணியில் அமைந்த ஆடியோ டெக்னிகா எம் 20 எக்ஸ் 40 மில்லிமீட்டர் ஒலிப்பானும் 47 ஓம் தடையும் மூன்று மீட்டர் கம்பியும் கொண்டது. மைக் கிடையாது, சட்டையில் குத்தும் மைக் ஒன்றைச் சில நூறு ரூபாயில் தனியே வாங்கிக்கொள்ளலாம். மைக்கோடு ஒன்றாகவே வேண்டுமென்போருக்கு ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் போன்றவை உள்ளன. அதில் மைக்கை மேலே தூக்கினால் தானே மௌனமாகிவிடும். வீட்டில் அம்மா அழைக்கும்போது இது பேருதவி.

எது வாங்கினாலும் பஞ்சுறையைக் கவனியுங்கள். செயற்கைத் தோல் நம் கடற்கரை நகரத்து ஈரத்திலும் வியர்வையிலும் உரிந்துபோகும். அவ்வுறை தனியே விற்பனைக்குக் கிடைக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். கம்பி கழற்றி மாட்டும் வகையாயிருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வாங்கிய கருவி முரசை ஊதிப் பெருக்குவதாயிருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டாம். 'ஈக்வலைசர் ஏபிஓ' என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவித் தாழ்ந்த ஒலியைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். பாதி நோய் தீரும்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

தாம் நூறு முறை கேட்டுப் பழகிய இரண்டு பாடல்களைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். ஒன்று இரட்டை முரசு விரைந்து முழங்கும் பாடல்; மற்றொன்று தவிலோடு கூடிய நாதசுர இசையாகவே இருக்கட்டும். ஒலியைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேளுங்கள். அடிகளை எண்ண முடிகிறதா? நாதசுரம் செவியைக் குத்தாமல் இருக்கிறதா? அந்தத் தாழ்ந்த ஒலியிலேயே மனம் நிறைந்தால் அதுவே உங்கள் கருவி. பத்து நிமிடமாவது கழற்றாமல் அணிந்து பாருங்கள். கண்ணாடி அணிவோர் கண்ணாடியோடே அணிந்து பார்ப்பது அவசியம்.

சோதனைக்குரிய பாடலும் நல்ல பதிவாக இருக்கவேண்டும். 2008இல் மெட்டாலிக்கா குழு வெளியிட்ட 'டெத் மேக்னட்டிக்' தொகுப்பு, அளவுக்கு மீறி உரக்கப் பதியப்பட்டதால் கரகரத்தது. அதே பாடல்கள் 'கிதார் ஹீரோ' விளையாட்டில் தெளிவாக ஒலிப்பதைக் கேட்ட இரசிகர்கள் வெகுண்டு முறையிட்டார்கள். பதிவின் குற்றத்தைக் கருவியின் தலையில் சுமத்திவிடக் கூடாது.

செவிக்கு மாற்று உறுப்பு இல்லை

உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 இருக்கும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலானால் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்து டெசிபல் கூடினால் காலம் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். 12 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் நூறு கோடிக்கு மேற்பட்டவர்கள் இவ்வகையில் செவியிழக்கும் ஆபத்தில் இருப்பதாக அந்நிறுவனம் 2022இல் எச்சரித்தது. கைப்பேசியின் உச்ச ஒலியில் அறுபது விழுக்காட்டைத் தாண்டாமலிருப்பதும், மணிக்கொரு முறை கழற்றி வைப்பதும் எவரும் கைக்கொள்ளத்தக்க விதிகள்.

ரயில்வேயில் பணிபுரிபவராதலால் இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை. காதில் கருவியோடு தண்டவாளத்தைக் கடந்து உயிரிழந்தவர் பற்றிய தாள் நம் மேசைக்கு வந்த நாட்கள் உண்டு. அன்று சோறு இறங்குவதில்லை. வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும் கருவியென்று நாம் மேலே புகழ்ந்தோமே, அது வீட்டிலும் வண்டிக்குள்ளும் மட்டும் புகழுக்குரியது. நடைமேடையிலும் சாலையிலும் அது கழுத்தில் தொங்கட்டும். நடைமேம்பாலத்தின் படிகளை ஏறும் இரண்டு நிமிடத்தில் எந்தப் பாட்டும் முடிந்துபோய்விடாது.

நம் தம்பி இப்போது இரண்டாயிரத்துக்கும் குறைந்த விலையில் வாங்கிய செருகிகளில் தன் இசையைக் கேட்கிறான். விளக்கு எரிவதில்லை, கைப்பேசியில் ஒலி பாதியைத் தாண்டுவதில்லை. சென்ற வாரம் ஒரு நாள் மாலை, நம் காதிலும் ஒன்றை மாட்டி, "கேளுங்கள் அண்ணா, இதில் பேஸ் கிதார் தனியாகப் போகிறது" என்றான். போகத்தான் செய்தது. அந்நேரம் தாயார் அடுப்பங்கரையிலிருந்து மெல்ல அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். "இதோ வந்தேன் அம்மா" என்று ஒரே அழைப்பில் எழுந்து சென்றான். கருவி வாங்கிய பணம் அந்த விநாடியே நமக்குத் திரும்பி வந்துவிட்டது.